சின்ன மனை வீட்டுக்கு இன்னொரு வழி வேண்டும்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினருக்கும் வணக்கம்.

2025 மே 18 அன்று ஹைதராபாத்தில், சார்மினாருக்குப் பக்கத்தில் குல்சார் ஹவுஸ் பகுதியில், ஒரு வீடு தீப்பிடித்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். கீழே கடை, மேலே வீடு. உள்ளே போக ஒரு குறுகலான நடைவழி, அப்புறம் மேலே ஏற ஒரே ஒரு ஒடுங்கிய படிக்கட்டு. தீ கீழே பிடித்தது. இறங்க வேண்டிய வழியும் அதுதான்.

வடசென்னையில் சின்ன மனைகளில் வீடு கட்டித் தருவது என் தொழில். அந்தச் செய்தியைப் படித்த யாருக்கும் சௌகார்பேட்டையும் ஜார்ஜ் டவுனும் கண்ணில் வந்திருக்கும். எனக்கு நான் கட்டிய வீடுகளும் வந்தன. தொடர் கட்டடப் பகுதிகளில் பக்கத்தில் இடம் விட வேண்டியதில்லை. சுவரோடு சுவர் ஒட்டித்தான் கட்டுகிறோம். அரை கிரவுண்டு மனையில், அதாவது 1200 சதுர அடியில், மூன்று மாடி எழுப்பினால் வெளிச்சமும் வழியும் தெருப் பக்கம் மட்டும்தான். படிக்கட்டுக்குக் கீழே கிடைக்கிற இடத்தில் ஈபி மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர், நாலைந்து வண்டிகள். இப்போது மின்சார ஸ்கூட்டரையும் அங்கேயேதான் சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் எல்லாவற்றையும், தப்பிக்க இருக்கும் ஒரே வழியின் வாயில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். தீ மேல் மாடிக்கு வருவதற்கு வெகு முன்பே புகை வந்துவிடும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத் விடுதி ஒன்றில் எட்டுப் பேர் இறந்ததும் இப்படித்தான். கீழே மின்சார ஸ்கூட்டர் கடை, புகை படிக்கட்டு வழியே மேலே ஏறியது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரைத் தொட்டாலே, கூடுதல் தீப் பாதுகாப்பு வேண்டிய உயர்மாடிக் கட்டடம் என்கிறது. நம் தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அப்படிச் சொல்கின்றன. நடுவிலுள்ள இந்த மூன்று மீட்டரில் ஒரு முழு மாடி அடங்கும். அந்த மாடியில் தூங்குகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு முடிவு எடுங்கள். ஆனால் என் பெரிய கவலை அதற்கும் கீழே, தரைத்தளத்தோடு இரண்டு மூன்று மாடி உள்ள வீடுகள்தான். ஏணி வண்டி நுழையவே முடியாத சந்துகளில் இருப்பவை அவைதான்.

சரி, எல்லா வீட்டுக்கும் இரண்டு கான்கிரீட் படிக்கட்டு என்று விதி போட்டால் தீருமா? தீராது. இருபது அடி அகல மனையில் இரண்டாவது படிக்கட்டு ஓர் அறையைத் தின்றுவிடும். வரைபடத்தில் காட்டுவார்கள், அனுமதி வந்ததும் அங்கே ஸ்டோர் ரூம் கட்டுவார்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் ஆறு மாடி வரை ஒரே படிக்கட்டை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு மாடிக்கு நாலு வீட்டுக்கு மேல் கூடாது, தீ கண்டதும் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு வேண்டும், படிக்கட்டுக்குள் புகை வராதபடி காப்பு வேண்டும் என்று கண்டிப்பாக நிபந்தனை வைத்துத்தான் அனுமதிக்கிறது. அத்தனையையும் ராயபுரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் கேட்க முடியாதுதான். படிக்கட்டு ஒன்றுதான் என்றால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதையாவது எடுத்துக்கொள்ளலாமே.

முதலில் மீட்டர் போர்டை படிக்கட்டடியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். தெருவைப் பார்த்த வெளிச்சுவரில், தனிப் பெட்டியில் வைக்கலாம், செலவு பெரிதில்லை. மின் வாரியத்தையும் அழைத்துப் பேசினால்தான் இது நடக்கும். மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். கீழே கடை இருந்தால், கடைக்குள்ளிருந்து வீட்டுப் படிக்கட்டுக்குக் கதவு வைக்கவே கூடாது. படிக்கட்டின் உச்சியில் புகை வெளியேற, மூட முடியாத திறப்பு ஒன்று வேண்டும்.

அடுத்தது மொட்டை மாடி. ஒட்டிக் கட்டிய தெருக்களில் இரண்டாவது வழி ஏற்கனவே இருக்கிறது: பக்கத்து மாடி. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இன்று திருட்டுக்குப் பயந்து மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் வைத்துக்கொள்கிறார். வாடகைக்கு இருப்பவர் கையில் அது இல்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது, அதைக் கட்டாயமாக்குங்கள். பக்கத்து வீட்டாரோடு எழுத்துமூலம் உடன்பாடு செய்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே ஏறி இறங்கப் படி வைத்தால், அதை அவசர வழியாக ஏற்றுக்கொள்ளும் விதி ஒன்று எழுதுங்கள். உடன்பாடு பத்திரத்தில் பதிவாகட்டும். வீடு கைமாறினாலும் வழி நிற்கும்.

ஜன்னல் கம்பியையும் சொல்லியாக வேண்டும். வீடு முழுக்கக் கம்பி போட்டு அடைக்கிறோம், பால்கனி உட்பட. ஒவ்வொரு மாடியிலும் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பிக் கதவு இருந்தால், ஏணியோடு வருகிற தீயணைப்பு வீரருக்கு வெட்டுகிற வேலை மிச்சம். புகைக்குள் அந்த நிமிடங்கள் எவ்வளவு பெரியவை என்று உங்கள் துறையினருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அங்கே இரும்புப் படி வைக்கிறவருக்கு, அது அனுமதிக்கப்படும் கட்டடப் பரப்புக் கணக்கில் சேராது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுங்கள்.

2024 முதல் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. அனுமதிக்கு முன் யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை என்பதால், அந்த இணையப் படிவத்திலேயே மூன்று கேள்விகளைச் சேர்க்கக் கேட்கிறேன். மீட்டர் எங்கே வைக்கிறீர்கள்? மாடிக் கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும்? படிக்கட்டில் புகை நிறைந்தால் மேல் மாடியில் இருப்பவர் எந்த வழியாக வெளியே வருவார்? மூன்றுக்கும் பதிலை வரைபடத்தில் குறித்துக் காட்டாமல் விண்ணப்பம் மேலே நகரக் கூடாது.

இப்படிக்கு,
வடசென்னைக் கட்டடப் பொறியாளர் ஒருவர்