வெள்ளம் வடிந்த மறுநாள் நூலகத்தின் சாவி யார் கையில் இருக்கும்?

கிராமப்புற நூலகங்களில் வேலை பார்க்கும் நூலகர்களுக்கும், அந்த நூலகங்களுக்கு நிதி ஒதுக்கி உத்தரவு போடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒரு வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், பூட்டிக் கிடந்த சின்ன நூலகம் ஒன்றின் வாசலில் பதினைந்து இருபது பேரோடு நானும் நின்றிருந்தேன். கட்டடம் மேட்டில் இருந்ததால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை. மேசை, நாற்காலி, கணினி, கழிப்பறை எல்லாம் அப்படியே இருந்தன. சாவி மட்டும் இல்லை. அதை வைத்திருந்த ஒரே ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார், பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலேயே முழங்கால் அளவு தண்ணீர். இன்னொரு சாவி செய்து வைக்கலாம் என்று அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். கதவு திறக்க மூன்று நாள் ஆனது.

அந்த மூன்று நாளும் வந்தவர்களில் ஒருவர்கூடப் புத்தகம் கேட்டு வரவில்லை. போனுக்குச் சார்ஜ் போட முடியுமா, நிவாரணப் படிவத்தை நிரப்பித் தர ஆள் இருக்கிறதா, அணை உடைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே அது நிஜமா, இதெல்லாம்தான் கேள்விகள். ஒரு பாட்டி, பைக்குள் பை என்று சுற்றி வைத்திருந்த ஒரு காகிதக் கட்டை வாசற்படியில் உட்கார்ந்து பிரித்தார். வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, பேனாவால் எழுதிய வரிகள் நீலமாகக் கரைந்து அடுத்த தாளில் இறங்கியிருந்தன. இஸ்திரி போட்டால் காய்ந்துவிடும் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்திருந்தால் பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து சான்றிதழும் உருகிப் போயிருக்கும். ஒட்டிய தாளைப் பிய்க்கக் கூடாது, ஈரமாக இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு தானாகப் பிரிகிற தாள்களை மட்டும் வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் காற்றாட விட வேண்டும். இதை அன்றைக்கு அங்கே எடுத்துச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே ஆள் நூலகர்தான். அவரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இது ஏதோ ஓர் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைச் சிதைத்தபோது, நிவாரணத்துக்கு விண்ணப்பம் போடவும் தொலைந்துபோன சொந்தங்களைத் தேடவும் மக்கள் நூலகக் கணினிகளின் முன்னால்தான் வரிசையில் நின்றார்கள். அப்படியிருந்தும், பேரிடரில் சேதமான நூலகம் தற்காலிக இடத்துக்கு மாற உதவி பெறலாம் என்று அந்த நாட்டின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா விதியை மாற்றியது 2011இல்தான். மக்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்ட ஒன்றை அரசு ஏற்றுக்கொள்ள ஐந்தாறு வருடம் ஆகிறது. உங்களிடம் நான் கேட்பது அந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

சரி, முதலில் சாவி. மூன்று பேரிடம், மூன்று வேறு திசைகளில் குடியிருப்பவர்களிடம் இருக்கட்டும். மழைக்காலத்தில் எந்தப் பாதை முதலில் அறுபடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். நான் சொன்ன நூலகத்தில் இப்போது மூன்று சாவிகள் இருக்கின்றன, ஒன்று என்னிடம். முக்கியமான தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போன் அணைந்த பிறகு அதற்குள் இருக்கும் எண்களால் பயனில்லை. செல்போன் கோபுரங்களின் பேட்டரி பெரும்பாலும் சில மணி நேரம்தான் தாங்கும் என்பதால், பேட்டரியில் ஓடுகிற ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு சின்ன சோலார் பேனலும், நிறைய பிளக் சொருகுகிற மாதிரி இரண்டு மூன்று நீட்டிப்புப் பலகைகளும் இருந்தால் ஊரே வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளும். ஜெனரேட்டர் வைத்தால் அதை ஜன்னலை விட்டுத் தள்ளி வெளியில்தான் ஓட்ட வேண்டும், அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். நிவாரணப் படிவங்கள் என்ன வடிவில் வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான், ஒரு கட்டு அச்சடித்து மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள், அன்றைக்கு பிரிண்டர் ஓடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது அறிவிப்புப் பலகை. பேரிடர் நேரத்தில் வதந்தி தண்ணீரைவிட வேகமாகப் போகும், பயந்து போயிருப்பவர் எதையும் நம்புவார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நூலக வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுதினாலே போதும், பாதிப் பதற்றம் அடங்கும். உறுதியாகாததை "உறுதியாகவில்லை, விசாரிக்கிறோம்" என்றே எழுதலாம். காலாவதியான செய்தியை உடனே அழிப்பதும் அதே அளவு முக்கியம், நேற்றைக்கு வந்த தண்ணீர் லாரியின் நேரத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்குக் குடத்தோடு இரண்டு மணி நேரம் நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன். ஆதாரம் பார்த்துத் தகவல் சொல்வதுதானே நீங்கள் வருடம் முழுக்கச் செய்கிற வேலை?

புத்தகங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குள் புகுந்தபோது, அங்குள்ள தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த நூல்கள் சேற்றில் மூழ்கின. உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து, கை மாற்றிக் கை மாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். கீழே வைத்ததுதான் நனைந்தது என்பது அதில் நமக்கான பாடம். அடித்தட்டைத் தரையிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டராவது தூக்குங்கள். வேறெங்கும் கிடைக்காத உள்ளூர் ஆவணங்களை மேல் தட்டுக்கு மாற்றுங்கள், மறுபடி வாங்கக்கூடிய நாவல்கள் கீழே இருக்கட்டும். நனைந்த நூலில் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடலாம். வழவழப்பான தாளில் அச்சான பத்திரிகைகள் காய்ந்தால் ஒரே கட்டியாகிவிடும். எதை முதலில் தூக்குவது என்று ஒரு தாளில் முன்பே எழுதி வைத்தால், பதற்றத்தில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, அதை நூலகம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை. ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூருக்குப் போகும் வழியில் ஒரு கல் நிற்கிறது, 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். ஊர் அதைக் கேட்டது. 2011 மார்ச்சில் வந்த பேரலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, மேலே இருந்த வீடுகள் தப்பின. போன தடவை தண்ணீர் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை வந்தது, எந்தக் கிணறு கெட்டுப்போனது, எந்த மேட்டில் ஆட்கள் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் இப்போது சில வயதானவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஊர் வரைபடமும் எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அதிகாரிகளுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கிராம நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். அவரும் அதே ஊர்க்காரர், அவர் வீட்டுக் கூரையும் பறந்திருக்கும். அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் அது அநியாயம். பாதிக்கப்படாத பக்கத்து வட்டாரத்திலிருந்து ஓர் ஆள் வந்து முதல் வாரம் கதவைத் திறப்பார் என்று நூலகங்களுக்கிடையே இப்போதே ஓர் ஏற்பாடு செய்யுங்கள், பயணப்படியோடு. பேட்டரி, டார்ச், நீட்டிப்புப் பலகை வாங்க மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சின்னத் தொகையை ஒவ்வொரு நூலகத்துக்கும் கொடுங்கள். கட்டடம் புயலைத் தாங்குமா என்று பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள், தாங்காது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நம்பி வந்து ஒதுங்கியவர்கள் மேல் கூரை விழக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் நூலகச் சேவையைப் பெட்டிகளில் ஏற்றி நிவாரண முகாமுக்குக் கொண்டுபோகலாம். எல்லைகளற்ற நூலகங்கள் என்ற பிரெஞ்சு அமைப்பு 2014இல் புருண்டியின் அகதி முகாம்களில் இதைச் செய்து காட்டியது, பெட்டிகளைப் பிரித்தால் மேசை, நாற்காலி, புத்தகம், கணினி எல்லாம் உள்ளே இருக்கும். அவ்வளவு செலவு செய்ய முடியாவிட்டால் இரண்டு தகரப் பெட்டியும் ஒரு பாயும் போதும். ஒரு மூலையில் யாராவது பிள்ளைகளுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தால், அம்மாக்கள் நிம்மதியாக வரிசையில் நிற்பார்கள்.

உங்கள் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பள்ளி இருக்கும், மருத்துவமனை இருக்கும், காவல் நிலையம் இருக்கும். நூலகம் என்ற சொல் அதில் இல்லையென்றால், அடுத்த மழைக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள், சாவி வைத்திருக்கும் மூன்று பேரின் பெயர்களோடு.