சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு: என் அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டார். விடிந்தபோது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. "போதை தெளியவில்லை, தூங்கட்டும்" என்றார் சித்தப்பா. நாங்களும் விட்டுவிட்டோம். அம்மாதான் மனம் கேட்காமல் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 41, ஆபத்தான அளவுக்குக் குறைவு.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் காரணத்தைத் தெரிந்துகொண்டோம். இரவெல்லாம் நாம் சாப்பிடாதபோது இரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். சாராயம் உள்ளே போனால் புதிதாகச் சர்க்கரை செய்யும் அந்த வேலை தடைபடுகிறது. கிளிமிபிரைடோ விடாமல் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. குடித்த உடனே அல்ல, பல மணி நேரம் கழித்து, மறுநாள்கூடச் சர்க்கரை இறங்கலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான். தள்ளாட்டமும் குழறலும் போதையைப் போலவே இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்களும் ஏமாந்துபோகிறார்கள்.

பதினோரு ஆண்டுகளில் இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, "குடிப்பழக்கம் உண்டா?" என்று ஒரு மருத்துவர் கேட்டார். அம்மாவும் நானும் அருகில் நின்றிருந்தோம். அப்பா "இல்லை" என்றார். வேறென்ன சொல்வார்?

"அளவாகக் குடித்தால் நல்லதாமே" என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. இஸ்ரேலில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அதுவரை மதுவைத் தவிர்த்துவந்த 224 நீரிழிவு நோயாளிகளில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் இரவு உணவோடு 150 மில்லி ஒயின் அருந்தினார்கள். சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொழுப்பு சிறிதளவு கூடியது. இரத்த அழுத்தம் குறையவில்லை. உணவோடு ஒரு கோப்பை ஒயின் என்பது எங்கே, வெறும் வயிற்றில் ஒரு குவாட்டர் என்பது எங்கே? 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் (ஆல்கஹால்) இருக்கிறது. குடிக்கும் ஆண்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் ஒரு நாள் உச்ச வரம்பு 28 கிராம்தான். பெண்களுக்கு அதில் பாதி. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

"குடிக்காதீர்கள்" என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கிளிமிபிரைடு எழுதும்போதும் இன்சுலின் எழுதும்போதும் எவ்வளவு, எப்போது, எதோடு குடிக்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். குடித்த இரவில் சாப்பிடாமல் படுக்கக் கூடாது, படுக்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். காலையில் குழறினால் முதலில் விரலில் குத்திப் பார்க்கும்படி வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

குடிப்பதை விட்டுவிட்டதாக அப்பா சொல்கிறார். அடுத்த மாதம் பரிசோதனைக்கு அழைத்து வருகிறோம். தயவுசெய்து அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். நானும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்