மூடிக்குள் ஒளிந்திருக்கும் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாக வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். சலவைத்தூள் விளம்பரங்களில் நுரை பொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒரு கடிதம் எழுத நினைப்பேன். வேலை மும்முரத்தில் மறந்துவிடும். போன வாரம் பார்த்த ஒரு மெஷின் எழுத வைத்துவிட்டது.

முன்பக்கம் கதவுள்ள மெஷின். "துவைத்த துண்டிலேயே வாடை அடிக்கிறது, மெஷின் கெட்டுவிட்டது" என்றார் அந்த வீட்டு அம்மா. துவைத்துக் காயவைத்து மடித்திருந்த துண்டுகளில் நான்கை எடுத்து உள்ளே போட்டேன். தூளோ திரவமோ எதுவும் சேர்க்காமல் 40 டிகிரியில் ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடியை நுரை மறைத்துவிட்டது. "நீங்கள் ஒன்றும் போடவில்லையே!" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அத்தனையும் அவர் மாதக்கணக்கில் போட்டதுதான். அலசலில் வெளியேறாமல் துண்டின் இழைகளுக்குள்ளேயே தங்கியிருந்தது. நான்காவது முறை ஓடிய பிறகே தண்ணீர் தெளிந்தது.

இந்த வகை மெஷின் குறைந்த தண்ணீரில் ஓடுவது. டிரம் சுற்றும்போது துணி மேலே போய்த் தொப்பென்று விழ வேண்டும். அந்த அடியில்தான் அழுக்கு கழல்கிறது. நுரை நிறைந்திருந்தால் துணி மெத்தையில் விழுவதுபோல் விழும். கைத்துவையலுக்கான தூளை இதில் கொட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம். கரையாத மிச்சம் டிரம்முக்குப் பின்னால் போய்ப் படியும். அங்கே டிரம்மைத் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. கழற்றிப் பார்த்தால் அதன் மேல் சாம்பல் நிறக் களிம்பு. சுரண்டினால் அடியில் உலோகம் அரித்துப் பொடியாக உதிரும். அந்தச் சட்டம் உடைந்தால் பெரும்பாலும் மெஷினையே மாற்ற வேண்டியதுதான்.

அதற்காகக் கிள்ளிப் போடவும் சொல்லவில்லை. குறைந்தால் கழன்ற அழுக்கு மறுபடி துணியிலேயே ஒட்டி, வெள்ளை மங்கிவிடும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் தூளின் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் அங்கே சற்றுக் கூடுதலாகத்தான் போட வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் உங்களுடையது கடின நீர். பக்கத்து வீட்டார் ஒரு கரண்டி போடுகிறார் என்று நீங்களும் போடுவது, அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதுபோல.

தூளா திரவமா என்று கேட்காத வீடு இல்லை. வெள்ளைத் துணிக்கு நான் தூளைத்தான் சொல்வேன். நல்ல தூளில் ஆக்சிஜன் வெளுப்பான் இருக்கும். திரவத்தில் பொதுவாக அது இருக்காது. சாயத் துணிக்கும் குளிர்ந்த நீர்த் துவையலுக்கும் திரவம் நல்லது, சட்டென்று கரையும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் அவற்றுக்கென்றே விற்கும் திரவம் வேண்டும். சாதாரணத் தூளில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருந்தால், பட்டும் கம்பளியும் அதற்குப் புரதம்தான். சலவைத் திரவம் அடைத்து மாத்திரை போல வரும் உறையை மெஷினில் தூள் போடும் டிராயரில் வைக்காதீர்கள். வெறும் டிரம்மில் போட்டு அதன் மேல் துணியைப் போடுங்கள். குழந்தைகள் அதை மிட்டாய் என்று நினைத்துக் கடித்துவிடலாம், எட்டாத இடத்தில் வையுங்கள்.

அலசும்போது துணி மிருதுவாக ஊற்றும் மென்மையாக்கியை (ஃபேப்ரிக் கண்டிஷனர்) துண்டுக்கு ஊற்றவே வேண்டாம். இழை மேல் வழவழப்பாகப் படிந்து, துண்டு ஈரத்தை உறிஞ்சாமல் போகும். இதை என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை வாடிக்கையாளர்களிடம் தாராளமாக ஊற்றச் சொன்னவன் நான்.

என் குறை அளவைப் பற்றியது. எத்தனை கிலோ துணிக்கு எவ்வளவு, எந்த நீருக்கு எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் போடுகிறார்கள். பாட்டில் மூடிக்குள் அளவுக்கோடுகள் உண்டு. ஆனால் மூடியும் கோடும் ஒரே நிறம். என் வயதுக் கண்ணுக்கு டார்ச் அடித்தால்தான் தெரியும். தெரியாதவர்கள் மூடி நிறைய ஊற்றுகிறார்கள். பல பாட்டில்களில் சராசரித் துவையலுக்கான கோடு மூடியின் பாதிக்கும் கீழே இருக்கிறது. அளவைத் தமிழில், பெரிய எழுத்தில், முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மூடிக் கோட்டுக்கு வேறு நிறம் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள்.

இப்போதைக்கு என் கருவிப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டியும் கிடக்கிறது. வேலை முடிந்ததும் மூடியை வாங்கி, சரியான கோட்டின் மேல் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாஷிங் மெஷின் மெக்கானிக்