வினாத்தாளைத் தமிழாக்கிய குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா, அம்மா.

போன மாதம் நடந்த விஞ்ஞானப் போட்டியின் நாலாம் வினா எது என்று உங்களுக்கே தெரியும், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. விலங்குகள் விற்றமின் சீ ஆக்கும்போது குலோனிக் அமிலத்தின் பங்கு என்ன என்று சிங்களத் தாளில் சரியாகக் கேட்டிருந்தீர்கள். தமிழ்த் தாளில் அதுவே "குளுக்கோனிக் அமிலம்" ஆகிவிட்டது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் குளுக்கோனிக் அமிலம் தேனில் இருப்பது, விற்றமின் சீ உருவாகும் பாதையில் அதற்கு வேலையே இல்லை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என்னிடம் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி அந்தச் சொல்லை வெட்டி, மேலே சின்னதாகக் "குலோனிக்" என்று எழுதிவிட்டு விடை எழுதியிருக்கிறாள். குளுக்கோசிலிருந்து குளுக்குரோனிக் அமிலம், அதிலிருந்து குலோனிக் அமிலம், அது தண்ணீரை இழந்து வளையமாகி லாக்டோன் ஆகும், அதைக் குலோனோலாக்டோன் ஒட்சிடேசு என்ற நொதியம் ஒட்சியேற்ற விற்றமின் சீ வரும், ஆட்டுக்கு இதெல்லாம் ஈரலில் நடக்கிறது, மனிதருக்கும் குரங்குக்கும் கினிப்பன்றிக்கும் அந்தக் கடைசி நொதியத்தின் மரபணு பழுதாகிப்போனதால் முடியாது. அப்புறம் கடைசி வரியில், "எங்கள் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆட்டுக்குத் தேசிக்காய் தேவையில்லை, எனக்குத்தான் தேவை." இதைவிட அழகாக நான்கூட எழுதியிருக்க மாட்டேன். பக்கத்தில் சிவப்புப் பேனையால் பூச்சியம், கீழே "வினாவைத் திருத்த வேண்டாம்".

அவளுடைய அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "பிழையா எழுதிட்டாளா சார்?" என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். அதற்கு மேல் விளக்கச் சங்கடமாக இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். தமிழ்த் தாள் அச்சுக்குப் போகுமுன், பாடம் தெரிந்த ஒருவர் அதை ஒரு தடவை வாசிக்க வேண்டும். காசு தரக்கூட வேண்டாம், தோட்டப் பாடசாலைகளில் வாசித்துத்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நானும் வருவேன். இந்த நாட்டில் தமிழுக்கு எழுத்துப்பிழை என்பது ஒரு சடங்குபோல ஆகிவிட்டது, பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, கந்தோர்ப் படிவம் என்று எதைப் பார்த்தாலும் "இவங்களுக்கு இது போதும்" என்ற நினைப்புத் தெரிகிறது. ஒரு வேளை பிள்ளைகளின் மொழியறிவைச் சோதிக்கத்தான் இப்படிப் பிழைகளை விதைக்கிறீர்களோ? அப்படியென்றால் அதற்கும் புள்ளி போடுங்கள், எங்கள் பிள்ளைகள் முதலிடம் வருவார்கள்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும். அந்த நாலாம் வினாவின் விடைகளை மட்டும் மறுபடி பாருங்கள், சரியாக எழுதியவர்களுக்குரிய ஐந்து புள்ளியைக் கொடுங்கள். அடுத்த தாளை அச்சுக்கு முன் வாசிக்க ஆள் வையுங்கள். தயவுசெய்து.

அவளுடைய விடைத்தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. சொன்னால் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், மற்ற நாளில் எனக்கு வகுப்பு.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன்