ஃப்ராம் 'அமுண்ட்சென் கப்பல்' மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த துருவக் கப்பல்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எண்டூரன்ஸ் கப்பலுக்கு நாலு பக்கம், படங்களோடு. 1915-ல் வெடெல் கடல் பனியில் நொறுங்கி மூழ்கியது, 2022-ல் 3,008 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டது. சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஃப்ராம் கப்பலுக்கு மட்டும் ஒரு பெட்டிச் செய்தி, அதிலும் 'தென் துருவம் சென்ற அமுண்ட்சென் கப்பல்' என்று படக்குறிப்பு. முப்பத்தோரு வருடம் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். மூழ்கிய கப்பலுக்கு நாலு பக்கம், மூழ்காத கப்பலுக்கு நாலு வரி என்றால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

ஃப்ராம் அமுண்ட்செனுக்காகக் கட்டியதே அல்ல. 1881-ல் ஜீனட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அந்தக் கப்பல்காரர்களின் சாமான்கள் சில, பனிப்பாளத்தோடு கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தன. ஒரு கால்சட்டைகூட இருந்ததாம். நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் அதைப் பிடித்துக்கொண்டார். கால்சட்டை வந்த வழியில் கப்பல் வராதா? பனியோடு மல்லுக்கட்டாமல், வேண்டுமென்றே அதற்குள் மாட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்புக்கே போனால் துருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் என்றார். அமெரிக்கத் துருவப் பயணி கிரீலி இதைத் தற்கொலைத் திட்டம் என்றே எழுதினார். அவர் நடத்திய பயணத்தில் 25 பேர் போய் 6 பேர்தான் ஊர் திரும்பினார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான்சென் கேட்ட கப்பலைக் கட்டிக் கொடுத்தவர் லார்விக் ஊரின் காலின் ஆர்ச்சர். 1892 அக்டோபர் 26-ல் அது கடலில் இறங்கியது. உங்கள் கட்டுரையில் இவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

வேலையில் இருந்தபோது ஒருமுறை எங்கள் கப்பல் ஆஸ்லோவில் சரக்கு இறக்கக் கட்டியிருந்தது. அரைநாள் ஓய்வு கிடைத்ததும் செகண்ட் இன்ஜினியரும் நானும் படகு பிடித்து, பக்கத்தில் இருக்கும் பிக்டோய் பகுதிக்குப் போனோம். ஃப்ராம் அங்கே ஒரு கட்டடத்துக்குள் முழுசாக நிற்கிறது. கரையில் இழுத்து வைத்துவிட்டு, அதைச் சுற்றிக் கட்டடத்தை எழுப்பி 1936-ல் திறந்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பாதியாய் உடைத்த தேங்காய் மூடிதான் ஞாபகம் வருகிறது. 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம். அடிமரம் வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை, பனி பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடையாது. இரண்டு பக்கமும் பனி நெருக்கினால் கப்பல் நசுங்காது, மேலே பிதுங்கி வரும். விலாங்கு மீன் மாதிரி நழுவ வேண்டும் என்று நான்சென் சொன்னது இதைத்தான். இப்படிப்பட்ட உருண்டை வயிற்றோடு திறந்த கடலில் போனால் என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று கப்பலில் போனவர்களுக்குத் தெரியும். ஆடத்தான் செய்தது.

நாங்கள் அதிக நேரம் நின்றது பின்பக்கம்தான். சுக்கான், புரொப்பெல்லர் இரண்டையும் கிணறு மாதிரியான ஒரு துவாரம் வழியாகக் கப்பலுக்குள் தூக்கிவிடலாம். பனி முதலில் உடைப்பது அந்த இரண்டையும்தான் என்று யோசித்து வைத்த ஏற்பாடு. என் தோழர் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதை யோசிச்சவன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும்" என்றார்.

1893 ஜூனில் 13 பேர், ஐந்து வருடச் சாப்பாட்டோடு கிளம்பினார்கள். செப்டம்பரில் பனி பிடித்துக்கொண்டது. 1895 ஜனவரியில் பனி மலைபோல் குவிந்து இடப்பக்கத்தை மூட, கப்பலைக் கைவிட வேண்டியதுதான் என்று சாமான்களை இறக்கி வைத்தார்கள். கப்பல் திமிறிக்கொண்டு மேலே வந்துவிட்டது. உள்ளே காற்றாலையில் மின்விளக்கு எரிந்தது.

எனக்குப் பிடித்த சங்கதி இன்னொன்று. வடதுருவக் கடல் ஆழமில்லாதது என்ற அன்றைய நம்பிக்கையில் ஆழம் பார்க்கச் சின்னக் கயிறுதான் எடுத்துப் போயிருந்தார்கள். அது தரை தட்டவே இல்லை. உடனே கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பனி மேல் பரப்பி, புரி புரியாகப் பிரித்து, மறுபடி முறுக்கி நாலாயிரம் மீட்டருக்கு மேல் நீளமான கயிறாக்கினார்கள். அந்தக் குளிரில்! அதை இறக்கிப் பார்த்தபோதுதான் அங்கே 3,000 மீட்டரைத் தாண்டிய ஆழ்கடல் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. பனி காற்றடிக்கும் திசையில் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதையும் குறித்து வைத்தார்கள். பூமியின் சுழற்சியே காரணம் என்று நான்சென் சொல்ல, ஸ்வீடன் நாட்டுக் கடலியல் அறிஞர் எக்மன் பின்னால் கணக்குப் போட்டு நிறுவினார்.

மிதப்பு மெதுவாக இருக்கவே நான்சென் பொறுமை இழந்து, குழுவில் ஒருவரான யோஹான்செனோடு நாய் வண்டியில் துருவத்துக்குக் கிளம்பி வட அட்சரேகை 86 டிகிரி 14 நிமிடத்தில் திரும்பினார். சும்மா மிதந்த கப்பலோ 1895 நவம்பரில் 85 டிகிரி 55 நிமிடத்தைத் தாண்டியது. வித்தியாசம் 20 கடல் மைல்கூட இல்லை! கேப்டன் ஸ்வெர்ட்ரப் கப்பலைப் பனியிலிருந்து மீட்டதும் நான்சென் நார்வேக் கரையில் கால் வைத்ததும் ஒரே நாள், 1896 ஆகஸ்ட் 13. போன 13 பேரும் வீடு வந்தார்கள்.

1898-ல் இதே ஸ்வெர்ட்ரப் கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு ஃப்ராமைக் கொண்டுபோய் நாலு வருடம் இருந்து, சுமார் 2,60,000 சதுர கிலோமீட்டரை வரைபடத்தில் ஏற்றினார். அந்தப் பயணத்தில் இரண்டு பேர் இறந்ததையும் மறைக்கக் கூடாது. அமுண்ட்சென் வருவது இதற்கெல்லாம் பிறகு. அவரும் வட துருவம் போகிறேன் என்று சொல்லித்தான் கப்பலைக் கேட்டுப் பெற்றார். அட்லாண்டிக் கடலில் உள்ள மதேரா தீவு வந்த பிறகே தெற்கே போகிறோம் என்று மாலுமிகளிடம் சொன்னார். அதற்குள் நீராவி இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருந்தார்கள் என்பதை எங்கள் ஆட்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எண்டூரன்ஸ் பலவீனமான கப்பல் என்று நான் சொல்ல வரவில்லை. கனமான மரம், நல்ல வேலைப்பாடு. ஆனால் அதன் வயிறு உருண்டை இல்லை. அதைக் கட்டிய நார்வேயின் சான்டெஃப்யூர் கப்பல் கட்டும் தளத்தில்தான், ஹோர்ட்டன் துறைமுகத்தில் வருடக்கணக்கில் உளுத்துக் கிடந்த ஃப்ராமை 1929-30-ல் பழுது பார்த்தார்கள். கட்டுரையாளர் இரண்டு கப்பலையும் ஒரே பத்தியில் கொண்டுவர இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

இதழ் அச்சாகிவிட்டது, தெரியும். இணையப் பதிப்பிலாவது அந்தப் படக்குறிப்பை 'காலின் ஆர்ச்சர் கட்டிய ஃப்ராம்' என்று மாற்ற முடியுமா?

அன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி