22 அடியில் எடுக்க வேண்டிய முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல தலைவர் சட்டென்று முடிவெடுக்க வேண்டுமா, ஆற அமர யோசிக்க வேண்டுமா என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதகுப் பக்கம் வேலை பார்த்தவர்களிடம் இதைக் கேட்டால், "ஏரியில் எத்தனை அடி, வரத்து எவ்வளவு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும், உபரியை அடையாற்றில் விடும் செம்பரம்பாக்கம் ஏரியை வைத்தே சொல்கிறேன்.

ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேல் 2 அடியில் சுமார் 500 மில்லியன் கன அடிக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். வரத்து விநாடிக்கு 5,000 கன அடி என்றால் 22 அடியில் இருக்கும் ஏரி நிரம்ப 28 மணி நேரம். 10,000 என்றால் 14. அதுவே 30,000 ஆனால் நாலரை மணி நேரம்தான். யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவே. போதாக்குறைக்கு, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி தாமதமாக வந்து சேரும். மழை விட்டுவிட்டதே என்று மூச்சு விடும் நேரத்தில்தான் வரத்து ஏறும்.

ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக்குக் குடிநீர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 டிஎம்சி, அதாவது 1,000 மில்லியன் கன அடி. விநாடிக்கு 5,000 கன அடி வீதம் ஒரு நாள் திறந்தால் 432 மில்லியன் கன அடி போய்விடும்; நகரத்தின் பதின்மூன்று நாள் தண்ணீர் அது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர் யாரும் மதகில் எளிதாகக் கை வைக்க மாட்டார். திறந்த பிறகு மழை பொய்த்தால் பழி அவர் தலையில். திறக்காமல் வெள்ளம் வந்தால் "வரலாறு காணாத மழை" என்று ஒரு வரி எழுதித் தப்பிக்க வழி உண்டு. கோப்பு மேலே மேலே போவதற்கு இதுதான் காரணம். அதை நிதானம் என்று நான் சொல்ல மாட்டேன்.

2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. ஏரியிலிருந்து திறப்பு விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்தபோது, ஆதனூர், முடிச்சூர் பக்கத்து நீரால் ஆறு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அத்தனை மழையை எந்தத் திறப்பும் முழுதாகச் சமாளித்திருக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு நாள் முன்பே ஆற்றில் இடம் இருந்தபோது விட்டிருக்கக்கூடிய தண்ணீரும் அதில் சேர்ந்துகொண்டது. அன்று மதகடியில் எடுத்த முடிவு வேகமான முடிவுதான். எடுக்க வேறு முடிவு மிச்சமில்லை.

2020இல் நிவர் புயலின்போது நவம்பர் 25 நண்பகலில், நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் 1,000 கன அடி திறந்தார்கள். பிறகு 3,000, 5,000, இரவில் 9,000 என்று படிப்படியாகக் கூட்டினார்கள். சிறிதாகத் திறந்தால் தவறு என்று தெரிந்தவுடன் ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை மக்களுக்குப் பகலிலேயே எச்சரிக்கை போய்ச் சேரும். நள்ளிரவில் தண்டோரா போட்டு என்ன பயன்?

ஆகவே ஆற அமர யோசிக்க வேண்டிய மாதம், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய செப்டம்பர். என் யோசனை இது: டிசம்பர் 15 வரை 22 அடிக்கு மேல் தேக்க வேண்டாம், மாத இறுதி வரை 23, பருவமழை ஓய்ந்த பின் 24. அடியும் வரத்தும் போட்டு, எந்த நிலையில் எவ்வளவு திறப்பது என்று ஒரு பக்க அட்டவணை தயாரித்து வெளியிடட்டும். அட்டவணைப்படி திறக்க உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் அதிகாரம் இருக்கட்டும். மேலிடத்துக்குத் தகவல் போனால் போதும். அட்டவணையை மீறித் தேக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், நேரம் குறித்துக் கையெழுத்திட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று. 19 கண் மதகிலும் 5 கண் மதகிலும் ஒவ்வொரு ஷட்டரையும் அக்டோபருக்குள் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். கிரீஸ் காணாத திருகுகம்பியும் டீசல் இல்லாத ஜெனரேட்டரும் எந்த முடிவையும் சில மணி நேரம் தள்ளிப்போட்டுவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
காஞ்சிபுரம்