டீலர் கையில் சிப்பைத் திணிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசினோவுக்குப் போகிறவர்களுக்காகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், "ஜெயித்தால் டீலர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று டிப்ஸ் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உல்லாசக் கப்பல் காசினோவில் சில வருடம் டீலராக, அதாவது மேஜையில் சீட்டுப் போட்டு ஆட்டம் நடத்துபவனாக, நின்றவன் நான். அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், கையில் கொடுக்கவே கூடாது. டீலரின் இரண்டு கையும் எப்போதும் கேமராவின் கண்ணில்தான் இருக்கும். மேஜையை விட்டுப் போகும்போது அவர் லேசாகக் கைதட்டி உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கையில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று கேமரா வழியாகக் கவனித்துக்கொண்டிருப்பவருக்குச் சொல்வது அது. பல இடங்களில் சீருடையில் பாக்கெட்டே இருக்காது. ஒரு ராத்திரி நல்ல மனசுள்ள பெரியவர் ஒருவர், ஜெயித்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லையான சிப் ஒன்றை உள்ளே வைத்து விரல்களை மூடிவிட்டார். நான் அப்போதே அதை மேஜையில் போட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன், அப்படியும் ஷிப்ட் முடிந்தபிறகு அரைமணி நேரம் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கொடுக்க நினைத்தால் சிப்பைப் பந்தயக் கட்டத்துக்கு வெளியே மேஜைமேல் தள்ளி, "இது உங்களுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டீலர் அதை டிப்ஸ் பெட்டியின் விளிம்பில் டக்கென்று தட்டிவிட்டு உள்ளே போடுவார், அந்தச் சத்தமும் சூப்பர்வைசர் காதில் விழத்தான். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் உங்கள் பந்தயத்துக்கு முன்னால் டீலருக்கென்று ஒரு சிப் வைக்கவும் செய்யலாம், நீங்கள் ஜெயித்தால் அதுவும் ஜெயிக்கும்.

அப்புறம், அந்த 'ஜெயித்தால்'. சீட்டு எப்படி விழும் என்பது டீலர் கையில் இல்லை. அமெரிக்காவில் பல காசினோக்களில் டீலரின் அடிப்படைச் சம்பளம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் இருக்கும், குடும்பம் நடப்பது டிப்ஸில். அதையும் பெரும்பாலும் எல்லா டீலர்களும் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரு மணி நேரம் பொறுமையாக ஆட்டம் சொல்லிக்கொடுத்தவருக்குத் தோற்றாலும் ஒரு சிப் வையுங்கள். தோற்ற கோபத்தில் அவர்மேல் எரிந்து விழாதீர்கள், மனசு ரொம்ப வலிக்கும். இலவசமாகப் பானம் கொண்டுவந்து தரும் பெண்ணுக்கும் அப்படித்தான், பானம்தான் இலவசம், அவர் நடை இலவசமில்லை.

ஆனால் எல்லா ஊரிலும் கொடுக்கவும் முடியாது. சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டின் காசினோ கட்டுப்பாட்டுச் சட்டமே டீலர்கள் அன்பளிப்பு வாங்குவதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் டீலருக்கு டிப்ஸ் வாங்கத் தடை உண்டு. அங்கே அவர் "வேண்டாம்" என்றால் அது கூச்சம் இல்லை, வேலை போய்விடும் என்ற பயம், இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எனக்காக ஒரு அம்மா அப்படிச் சொல்லிவிட்டுப் போனார், அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் டீலர் ஒருவர்